மோட்டுக்கு எட்டாத சுவர்

தங்கபுஷ்பம் கையைத் தூக்கியது கொண்டை ஊசிக்காகத்தான்.

ஆராதனை முடிந்து, தேவாலயத்தின் பின்கட்டில் மாதர் சங்கம் கூடியிருந்தது. போதகரின் மனைவி பெண்களைப் பார்த்து ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்பது தங்கபுஷ்பத்தின் காதில் விழவில்லை. முந்தின நாள் தைத்து அனுப்பிய ரவிக்கையில் கைகளை இடம் வலம் மாற்றி வைத்துவிட்டோமோ என்ற கவலை அவளுக்கு. அந்த நேரம் பார்த்து ஊசி நழுவிக் கழுத்தில் குத்தியது. கை விருட்டென்று மேலே போயிற்று. சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"தினம் காலையில் ஓர் அதிகாரம் வேதம் வாசித்து, வாய்விட்டு ஜெபம் பண்ண முதலில் முன்வந்தது நம்ம தங்கபுஷ்பம்!" என்றார் போதகரம்மா, கண் கலங்க. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

"ஸ்தோத்திரம்," என்றாள் தங்கபுஷ்பம், தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல்.

வீட்டில் இதைக் கேட்டு அவள் புருஷன் ஞானசிகாமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் மயிலாப்பூர் டிராமில் கண்டக்டர். ஊரையே சிரிக்க வைத்து டிக்கெட் கிழிக்கிறவன்.

"நீயா? பிரசங்கம் ஆரம்பிச்சா போதகர் கண்ணு முன்னாடியே நீ தூங்கிடுவியே!"

"சிரிக்காதய்யா. அத்தினி பேர் கை தட்டிட்டாங்க. இப்போ போயி, ஊசி குத்திச்சின்னா சொல்ல முடியும்?"

உலகச் சண்டை முடிந்து மறு வருஷம் அது. விளக்குகளுக்கு ஒட்டிய கறுப்புக் காகிதத்தைக் கிழித்தாகிவிட்டது; ரேஷன் கடை வரிசை மட்டும் குறையவில்லை. மந்தைவெளிச் சந்து ஒன்றில் அவர்கள் குடியிருந்தார்கள். யாரோ வண்டிக் கொட்டகையாகக் கட்டிய நீளமான ஓட்டுக் கட்டடம் அது. பிற்பாடு குறுக்கே தடுத்து வீடுகளாக்கி இருந்தார்கள். தடுத்தவருக்குச் செங்கல் தீர்ந்துபோயிற்றோ என்னவோ, சுவர் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி அதோடு நின்றுவிட்டது. கூரை மோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் புகை போகும், பூனை போகும், பேச்சும் போகும்.

சுவருக்கு அந்தப் பக்கம் சொர்ணம். வீட்டு வாசலிலேயே இட்லி சுட்டு விற்பவள். இரண்டு பேருக்கும் ஆகாது. காரணம், சந்து முனைக் குழாய். விடிவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும், நின்றுவிடும். தங்கபுஷ்பம் தன் ஒற்றைக் குடத்தோடு போய்ச் சேரும்போது சொர்ணத்தின் குடங்கள், கல்யாணத்துக்கு வந்திறங்கிய சம்பந்தி வீட்டார் மாதிரி, குழாயடியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு சம்பவம் நடந்தது. அன்றைக்குக் குழாயடியில் ஆள் இல்லை, குடங்கள் மட்டும் இருந்தன. ஆத்திரத்தில் தங்கபுஷ்பம் முதல் குடத்தை ஓர் உதை உதைத்தாள். அது சொர்ணத்தின் தாய் வீட்டுப் பித்தளைக் குடம். உருண்டு போய்க் கல்லில் மோதி, வயிறு ஒட்டிப்போன மாதிரி உள்வாங்கிவிட்டது. தங்கபுஷ்பம் வீட்டுக்கு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் சந்தே அதிர்ந்தது. சொர்ணம் பழியைத் தூக்கி ஆட்டின் தலையில் போட்டிருந்தாள். சந்துக் கோடியில் ஜரிகை வேலை செய்யும் அமீனா பீ வளர்த்த வெள்ளாடு, பெயர் சம்கி. முட்டுவதில் பேர் பெற்றது. அதனால் யாரும் சாட்சி கேட்கவில்லை. ரோஷக்காரியான அமீனா பீ அன்றைக்கே ஆட்டை அடையாற்றில் இருக்கும் அக்கா வஜீஹா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

உண்மை தங்கபுஷ்பத்துக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும். ஆண்டவரிடம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஞானசிகாமணி வேலைக்குக் கிளம்பிப் போனதும் முதல் நாள் வாசிப்பு தொடங்கியது. ஆதியிலிருந்தே ஆரம்பித்தாள். இன்னும் எத்தனை வசனம் பாக்கி என்று விரலால் தடவிப் பார்த்தபடியே மெயில் வண்டி வேகத்தில் ஓட்டினாள். பிறகு முழங்கால் போட்டு, போதகர் குரலைக் கொஞ்சம் கடன் வாங்கிக்கொண்டு ஜெபித்தாள்.

"கிருபை நிறைந்த பரம தகப்பனே, இந்தக் காலை வேளைக்காக உம்மைத் துதிக்கிறேன். என் புருஷனை வண்டியிலும் வழியிலும் காத்தருளும். அயல் வீட்டாராகிய சொர்ணத்தின் இருதயத்தைத் தேவரீர் தொட்டருளும். ஏனென்றால் ஆண்டவரே, அவ பண்றது கொஞ்ச நஞ்சமா? ஒரு வீட்டுக்கு எட்டுக் கொடம்! நியாயமா இது? கேக்க ஆளே இல்லியா?"

"எட்டு எங்கமே வெச்சேன்? ஆறு!" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

தங்கபுஷ்பம் நடுங்கிப்போய்த் தரையோடு தரையாக விழுந்தாள். பரலோகம் இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அந்தக் குரல் மெட்ராஸ் பாஷை பேசுகிறது என்பது உறைக்கவே சற்று நேரம் பிடித்தது.

"சாமிகிட்டயே பொய் சொல்றியே, நாக்கு அழுகிப் பூடாது?" என்றது குரல் மறுபடியும். கூடவே இட்லிப் பானை மூடியின் 'ணங்' சத்தம்.

"நான் ஆண்டவர்கிட்ட பேசிக்கினு கீறேன். நீ ஏன் நடுவுல வர்றே?"

"என் பேர இஸ்தா நானு வருவேன்! இரு, நானும் முண்டகக்கண்ணியம்மா கிட்ட சொல்றேன். தாயே, இந்த பொஷ்பத்துக்கு நல்ல புத்தி குடு!"

அன்றிலிருந்து சந்துக்குத் தினம் திருவிழாதான். இந்தப் பக்கம் ஆண்டவருக்கு ஒரு மனு, அந்தப் பக்கம் அம்மனுக்கு ஓர் எதிர்மனு. இட்லி வாங்க வந்தவர்கள் இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள். லஸ் முனையில் டிராம் ஏறிய ஒருவர் ஞானசிகாமணியிடம், "இன்னாப்பா, இன்னிக்கு உங்க வூட்டம்மாதான் கெலிச்சாங்களாமே?" என்று விசாரித்தார்.

தங்கபுஷ்பம் கிசுகிசுத்து ஜெபம் பண்ணிப் பார்த்தாள். ஆனால் 'வாய்விட்டு' என்றல்லவா போதகரம்மா சொன்னார்? விட்டுவிடலாமென்றால் அந்தக் கைதட்டல் காதில் ஒலித்தது. அதனால் தொடர்ந்து வாசித்தாள்.

எந்த நாளில் அது மாறியதென்று அவளால் சொல்ல முடியாது. வசனத்தை எண்ணுவது நின்றுபோயிருந்தது. வேதத்தில் வந்தவர்கள் மெல்ல மெல்ல மனிதர்களானார்கள். பசி தாங்காமல் ஒரு கிண்ணம் கூழுக்குத் தன் மூத்த பிள்ளை உரிமையையே விற்றானே ஒருவன், அவனை நினைத்துத் தையல் மெஷினை மிதித்தபடியே, "அட மக்கு, கொஞ்சம் பொறுக்கக் கூடாது?" என்று திட்டினாள். ரவிக்கை அளவு கொடுக்க வந்த அபிராமபுரத்துக் கோமளம், "யாரைடி திட்டறே? நான் ஆத்துல சும்மாதான் உக்காந்துண்டு இருக்கேன், அவசரமே இல்லை," என்று பயந்துபோனாள்.

வாசிப்பில் சேர்ந்த சந்தோஷம் ஜெபத்தில் சேரவில்லை. சொர்ணம் என்ற பெயரைச் சொல்லும்போதெல்லாம், அழைக்காமலே அந்தப் பித்தளைக் குடம் உருண்டு வந்து கண் முன்னால் நின்றது. "சொர்ணத்தை மாற்றும்" என்று அவள் சொல்லுவாள். உள்ளே ஏதோ ஒன்று பதில் பேசாமல் காத்திருக்கும். அதன் பொறுமை அவளுக்குப் பிடிக்கவில்லை. அவசரமாக ஆமென் போட்டு எழுந்துவிடுவாள்.

இதற்கிடையில் யோசேப்பின் கதை வந்தது. அப்பன் செல்லமாகப் பல வர்ண அங்கி தைத்துக் கொடுத்த பிள்ளையை, சொந்த அண்ணன்மார்களே குழியில் தள்ளி, பிறகு வியாபாரிகளுக்கு விற்றுவிட்டார்கள். தங்கபுஷ்பம் அந்த இடத்தில் அதிகாரத்தை முடித்து மூடினாள்.

"ஏம்மே, நிறுத்திட்டே?" என்றாள் சொர்ணம்.

"நாளைக்கு."

"நாளைக்கா? புள்ளைய வித்துட்டானுங்கோ, நீ பாட்டுக்கு மூடி வெச்சிட்டு ஜாக்கெட்டு தைக்கப் போறியா? உனக்கு நெஞ்சு கீதா இல்லியா?"

"தினம் ஒரு அதிகாரம்தான் கணக்கு."

"அப்ப இன்னிக்கு ஜெபத்துல என்னிய திட்டற நேரத்துல இன்னும் கொஞ்சம் படி!"

சந்து சிரித்தது. தங்கபுஷ்பத்துக்கும் சிரிப்பு வந்தது; முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து சொர்ணம் இட்லியோடு கதையையும் பரிமாற ஆரம்பித்தாள். எகிப்தை எழும்பூர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, ஜெயிலுக்குச் செங்கற் சுவரும் எழுப்பி, அவள் சொன்ன யோசேப்பைக் கேட்க வண்டிக்காரர்கள் கூடுதலாக இரண்டு இட்லி வாங்கினார்கள்.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் அந்த இடம் வந்தது. பஞ்சத்தில் தானியம் கேட்டு வந்த அண்ணன்மார்கள், எதிரே அதிகாரியாக நிற்பவன் தாங்கள் விற்ற தம்பி என்று அறியாமல் நிற்கிறார்கள். அவன் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, வாய்விட்டு அழுது, நான்தான் அவன் என்று சொல்கிறான். தண்டிக்கவில்லை, கட்டிக்கொள்கிறான்.

தங்கபுஷ்பத்துக்குக் கண்ணீரில் எழுத்து தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள், மறுபடி மறைத்தது. குரல் உடைந்தது. அந்தப் பக்கம் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம். அதற்கு மேல் படிக்க முடியாமல் அவள் முழங்காலில் விழுந்தாள். 'கிருபை நிறைந்த' என்று தொடங்க வாய் வரவில்லை. உள்ளே காத்திருந்த அது இன்னும் காத்திருந்தது.

"ஆண்டவரே," என்றாள். "அந்தக் கொடத்த உதைச்சது நான்தான். ஆடு இல்ல. நான். என் காலுதான். தெரிஞ்சும் வாய மூடிக்கினு கீந்தேன். என்னிய மன்னிச்சிடு."

சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் எதுவோ அவிழ்ந்தது. சும்மாட்டோடு சேர்த்துத் தலைச்சுமையை இறக்கினால் கழுத்து தானாக நிமிருமே, அப்படி. எவ்வளவு லேசு! இதற்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்று கண்ணை மூடியபடியே புன்னகைத்தாள்.

பிறகுதான் சுவர் நினைவுக்கு வந்தது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மூடிச் சத்தம் இல்லை, மூக்குச் சத்தமும் இல்லை. மறுபடி பொய் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. கனவு கண்டேன் எனலாம், வேறு குடம் எனலாம். தங்கபுஷ்பம் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, வாசல் கதவைத் தானே திறந்து வைத்தாள்.

சொர்ணம் வந்து நின்றாள். கையெல்லாம் மாவு. இடுப்பில் அந்தக் குடம்.

"நீயா?"

"நான்தான்க்கா."

"காலாலயா?"

"காலால."

"எந்தக் காலு?"

தங்கபுஷ்பம் வலது காலை லேசாக முன்னால் நீட்டிக் காட்டினாள். சொர்ணம் குனிந்து காலையும் பார்த்தாள், குடத்தையும் பார்த்தாள்.

"பித்தளைமே இது. நோவல?"

"ஒரு வாரம் நொண்டினேன். மெஷின் மிதிச்ச வலின்னு அவர்கிட்ட சொல்லி, தைலம் தேய்க்கச் சொன்னேன்."

சொர்ணத்தின் உதடு துடித்தது. கோபம் என்று நினைத்துத் தங்கபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் வெடித்தது சிரிப்பு. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சொர்ணம் சிரித்தாள்.

"தைலமா! அய்ய, கொடத்த ஒடைச்சவளுக்குத் தைலமா!" மூச்சு வாங்கியது அவளுக்கு. "நானு மட்டும் யோக்கியமா? அந்த ஆறுல நாலு கொடத்த நானு ரொப்புறதே இல்லமே. உன்ன வெறுப்பேத்தத்தான் வரிசைல வெச்சேன்!"

"வெறுங்கொடமா!"

இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். திடீரென்று சொர்ணம் நிறுத்தினாள். முகம் வெளுத்தது.

"ஆடு!" என்றாள்.

"ஆடு," என்றாள் தங்கபுஷ்பம்.

அமீனா பீ ஜரிகைச் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தங்கபுஷ்பம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அமீனா பீ ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும். சம்கிய என் கட்டில் காலுல கட்டி வெச்சிருந்தேன். நான் சொன்னேன். கேட்டீங்களா? சந்தே சேர்ந்து என் ஆட்டைத் திட்டினீங்க."

சொர்ணம் தலை குனிந்தாள். தங்கபுஷ்பத்துக்கு ஆண்டவரிடம் சொன்னது லேசாக இருந்தது, இதுதான் கனம். ஆனாலும் அங்கேயே நின்றாள், ஓடிப்போகவில்லை.

"தப்புதான் பீ. நீங்க இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன்."

"இத்தினி நாள் இல்லாம இன்னைக்கு ஏன் சொல்றே?"

"தினம் வேதம் படிக்கிறேன். படிச்சி, ஜெபம் பண்ணி..." தங்கபுஷ்பம் வார்த்தை தேடினாள். "மாட்டிக்கினேன்."

அமீனா பீ அவளை நிதானமாகப் பார்த்தாள். "படிக்கிறவங்க எல்லாம் மாட்டிக்கிறதில்லை," என்றாள். பிறகு எழுந்து புர்காவை எடுத்தாள். "வாங்க, போய் என் பொண்ணைக் கூட்டிட்டு வரலாம்."

மூன்று பேரும் அடையாற்றுக்கு நடந்தார்கள். வழியில் சொர்ணம் யோசேப்பின் கதையை அமீனா பீக்குச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் அமீனா பீ, "இது நம்ம யூசுஃப் நபி கதை. எனக்குத் தெரியுமே," என்றாள்.

"உனக்குத் தெரியுமா? அப்பன் அந்தப் புள்ளைய உசுரோட... அய்யோ, சொல்லாத, சொல்லாத!" சொர்ணம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னால் ஓடினாள். அமீனா பீ வேண்டுமென்றே, "கடைசியில என்ன ஆகுதுன்னா..." என்று துரத்தினாள். எதிரே வந்த தயிர்க்காரி கூடையோடு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தாள்.

வஜீஹா வீட்டில் சம்கி கொழுத்துப்போய் இருந்தது. அமீனா பீயைப் பார்த்ததும் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடிவந்து வயிற்றில் முட்டியது. தங்கபுஷ்பம் கீழே உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மனதார, "மன்னிச்சிடு," என்றாள். சம்கி அவள் கொண்டைப் பூவை மென்றது.

திரும்பி வரும்போது ஆற்றுப் பாலத்தின் நடுவில் ஆடு நின்றுவிட்டது. கடல் காற்று மூன்று பேரின் துணியையும் தூக்கி அடித்தது. சொர்ணம் முன்னாலிருந்து இழுத்தாள், தங்கபுஷ்பம் பின்னாலிருந்து தள்ளினாள். ஆடு ஆற்றை ரசித்தது. பின்னால் ஒரு மோட்டார் கார் ஹார்ன் அடித்து அலறியது. போலீஸ்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார்.

"ஆடு யாருது? எங்கேருந்து ஓட்டிக்கினு வர்றீங்க?"

"இவங்களுது," என்றாள் தங்கபுஷ்பம், அமீனா பீயைக் காட்டி. மாதக்கணக்கில் ஒருவரிடமும் சொல்லாததை இப்போது கேட்டவருக்கெல்லாம் சொல்லாமல் இருக்க முடியவில்லை அவளுக்கு. "நான் இந்த சொர்ணக்கா கொடத்த உதைச்சேனுங்க. பழி ஆட்டு மேல விழுந்துச்சி. நான் சும்மா கீந்தேன். வேதம் படிச்சேன், அழுதேன், சொல்லிட்டேன். அதான் ஆட்ட வூட்டுக்கு இஸ்துகினு போறோம்."

போலீஸ்காரர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, ஆட்டின் பின்புறத்தில் தோளைக் கொடுத்தார்.

"உம், தள்ளுங்க," என்றார்.

ஆடு நகர்ந்தது. தங்கபுஷ்பம் கண்ணைத் திறந்துகொண்டே, நடந்துகொண்டே, கேட்பதற்கு எதுவும் இல்லாமல் ஜெபித்தாள். அப்படியும் ஜெபிக்கலாம் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. நாளைக்கும் காலை வரும், நாளைக்கும் ஓர் அதிகாரம் இருக்கும் என்று நினைத்தபோது, சின்னப் பெண் பண்டிகையை எண்ணிக் குதிப்பதுபோல மனசு குதித்தது.

ஞானசிகாமணி வேலை முடிந்து வந்தபோது அவன் வீட்டு வாசலில் ஓர் ஆடு நின்றது. உள்ளே மூன்று பெண்கள் சுவரில் சாய்ந்து, ஆட்டுப்பால் தேநீர் குடித்தபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா நடந்திச்சி?" என்றான்.

தங்கபுஷ்பம் சொல்ல வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது. சொர்ணம் கையை ஆட்டி அவளை நிறுத்திவிட்டுத் தான் ஆரம்பித்தாள், அவளாலும் முடியவில்லை. அமீனா பீ ஒரு டம்ளர் தேநீரை ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் தோள் பையைக் கழற்றி வைத்துவிட்டு, டம்ளரை வாங்கிக்கொண்டு, அவர்கள் அடங்கும் வரை காத்திருக்கலாமென்று தரையில் உட்கார்ந்தான்.